குறுக்குவரிச் சாலைக்கு ஒரு பாப்-அப் கேம்பர்: கட்டுமானமும் சோதனையும்

ஒரு தம்பதி, பள்ளி போகும் வயதில் ஒரு பிள்ளை, ஏணிச் சேஸிஸ் உள்ள நடுத்தர நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்று. தார்ச்சாலை முடிந்த பிறகும் வாரக்கணக்கில் பயணம் போக வேண்டும், தரையில் படுக்கக் கூடாது, மழை பிடித்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் கூரையைத் தூக்கி உள்ளே போய்விட வேண்டும். அவர்கள் கேட்டது இவ்வளவுதான்: வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும், கூரை உயர்ந்து படுக்கையறையாகும் ட்ரெய்லர், அதாவது ஒரு பாப்-அப் கேம்பர். கூடவே ஒரு நிபந்தனை: "எதுவும் உடையக் கூடாது, கனமாக இருந்தாலும் பரவாயில்லை." நிபந்தனையின் முதல் பாதியை ஏற்றுக்கொண்டோம். இரண்டாம் பாதி முதல் பாதிக்கு எதிரானது என்று புரிய வைக்கத்தான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருந்தது.

கரடுமுரடுப் பாதைக்கான ட்ரெய்லர் என்றதும் பாறையும் ஆறும் ஆளுயரப் பள்ளமும்தான் பலர் மனதில் வரும். பாறைமேல் ஏறும்போது ஓட்டுநர் நடை வேகத்தில் போவார், ஒருவர் இறங்கி வழி காட்டுவார். அங்கே ட்ரெய்லர் வாங்கும் அடி பெரியது, ஆனால் எண்ணிக்கையில் குறைவு. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: நேராக, அகலமாக, சாதுவாகத் தெரியும் மண்சாலையில். அதன் மேல் குறுக்குவாக்கில் அலை அலையாக விழுந்திருக்கும் வரிகள்தான் வெல்டிங்கைப் பிளக்கின்றன, நட்டைக் கழற்றுகின்றன, கேன்வாஸை ஓட்டையாக்குகின்றன.

அடுத்தடுத்த இரண்டு வரிகளுக்கு இடையே 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். ஆக நொடிக்கு 24 முறை அடி விழும், ஒரு மணி நேரத்தில் சுமார் 86,000 முறை. 23 மணி நேர ஓட்டத்தில் 20 லட்சத்தைத் தொட்டுவிடும். பற்றவைத்த இரும்பு எவ்வளவு தாங்கும் என்று பொறியியல் அட்டவணைகள் சொல்வதும் இதே 20 லட்சம் சுற்றை அடிப்படையாக வைத்துத்தான். பாலங்களுக்குப் பல ஆண்டுகளுக்கான கணக்கு அது. இந்தச் சாலையில் ஒரு வாரப் பயணத்திலேயே தீர்ந்துவிடும்.

அதே வரிகளில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 12 முறை அடி விழும். சக்கரமும் அச்சும் ஸ்பிரிங்குக்குக் கீழே தாமாகத் துள்ளும் அதிர்வெண் பொதுவாக 10 முதல் 15 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 10 முதல் 15 முறை. இரண்டும் ஒத்துப்போவதால் 30-இல்தான் வண்டி மோசமாக உதறும், 60-ஐத் தாண்டினால் மிதப்பது போல இருக்கும். அந்த மிதப்பை நம்பி வேகம் கூட்டுகிறவர்கள் நிறைய. மிதக்கும் டயர் பல சமயம் தரையைத் தொடுவதே இல்லை என்பது பிரேக்கில் கால் வைக்கும்போதுதான் தெரியும். இந்த வரிகளுக்குக் காரணம் வண்டிகளின் ஸ்பிரிங்தான் என்று நெடுநாள் நம்பிக்கை. சுழலும் மணல் தடத்தில் சக்கரத்தை ஓடவிட்டு 2007-இல் வெளியான ஒரு இயற்பியல் ஆய்வு, ஸ்பிரிங்கே இல்லாத சக்கரமும் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் வரி போடும் என்று காட்டியது. மண்சாலையும் போக்குவரத்தும் இருக்கும் வரை வரியும் இருக்கும். ட்ரெய்லர்தான் அதற்கேற்ப அமைய வேண்டும்.

எடைக்கு ஒரு வரவு செலவு

வரையத் தொடங்கும் முன்பே எடைக்கு ஒரு பட்ஜெட் போட்டோம். சேஸிஸும் இழுவைத் தண்டும் 150 கிலோ. சஸ்பென்ஷன், சக்கரம், ஹப், பிரேக் எல்லாம் சேர்த்து 190. பெட்டி 170. கூரை, கேன்வாஸ், மெத்தை 130. மின்சாதனங்கள் 50, சமையல் பகுதி 30. வெறும் ட்ரெய்லர் 720 கிலோ. 80 லிட்டர் தண்ணீர், 20 கிலோ எரிவாயு, இவை போகத் துணிமணி, சாப்பாடு, கருவி என இன்னொரு 150 கிலோ ஏற்றினால் 970. பதிவு எடை 1,050 கிலோ. நடுவில் இருக்கும் 80 கிலோவை யாரும் தொடக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். பயணத்தில் எடை ஏறுமே தவிர இறங்காது.

எடை கூடினால் எல்லாமே கூடும். ஒவ்வொரு குலுக்கலும் எடையோடு பெருக்கித்தான் வெல்டிங்குக்குப் போய்ச் சேருகிறது. தடித்த இரும்பு போட்டால் அந்த இரும்பைத் தாங்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங் வேண்டும், விறைப்பான ஸ்பிரிங் குலுக்கலை இன்னும் முழுசாக மேலே அனுப்பும். இதைத் தாளில் எழுதிக் காட்டிய பிறகு அந்தத் தம்பதி "கனமாக இருந்தாலும் பரவாயில்லை" என்ற பேச்சை எடுக்கவில்லை.

இழுவைத் தண்டும் சேஸிஸும்

நேரத்தில் பெரும்பகுதி போனது இங்கேதான். போனதும் சரி.

இழுவைத் தண்டு ஆங்கில ஏ எழுத்து வடிவில் இரண்டு கால்கள். வண்டியோடு மாட்டும் கப்ளிங்கிலிருந்து பெட்டியின் முன்சட்டம் வரை 1.5 மீட்டர், அச்சு வரை 2.95 மீட்டர். முழுச் சுமையில் கப்ளிங்கில் இறங்கும் எடை 110 கிலோ. முதல் வரைபடத்தில் 100×50 மி.மீ., 3 மி.மீ. தடிப்புள்ள செவ்வகக் குழாய் இருந்தது. நின்ற நிலையில் முன்சட்டத்துக்கு அருகே அதில் வரும் வளைவு அழுத்தம் 36 மெகாபாஸ்கல்தான் (இரும்புக்குள் வரும் அழுத்தத்தை அளக்கும் அலகு). சாலை மூன்று மடங்காகத் தூக்கிப் போட்டாலும் 108. சாதாரணக் கட்டுமான இரும்பு நிரந்தரமாக வளைய 250 வேண்டும். இதைப் பார்த்துவிட்டு "இரட்டிப்புப் பாதுகாப்பு இருக்கிறது" என்று முடித்துக்கொள்கிற வரைபடங்கள் ஏராளம்.

250 என்பது ஒரே ஒரு முறை இழுத்தால் தாங்கும் அளவு. குறுக்காகப் போட்ட ஒரு வெல்டிங்கின் ஓரத்தில், 20 லட்சம் முறை ஏறி இறங்கும் அழுத்தத்துக்குத் தாங்கும் வீச்சு, அதாவது உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசம், சுமார் 70 மெகாபாஸ்கல். நின்ற நிலைக்கு மேலும் கீழுமாக ஒரு ஜி (புவியீர்ப்பின் அளவு) குலுங்கினால் வீச்சு 72. மேலே சொன்ன 23 மணி நேரக் கணக்கு நேராக இங்கே வந்து முட்டுகிறது. உயர்தர இரும்பு வாங்கினால் தப்பிக்கலாமா என்றால், அதுவும் முடியாது. பற்றவைத்த இடத்தின் சோர்வுத் தாங்குதிறன், அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் திறன், இரும்பின் தரத்தோடு உயர்வதில்லை. வெல்டிங் ஓரத்தில் இருக்கும் நுண்ணிய பிசிறுதான் விரிசலுக்கு வாசல், அது எல்லா இரும்பிலும் உண்டு.

எனவே குழாயின் தடிப்பை 4 மி.மீ. ஆக்கினோம். ஒரு ஜிக்கு 36 என்பது 28 ஆகக் குறைந்தது. இதைவிட முக்கியமாக, வெல்டிங்கையே இடம் மாற்றினோம். தண்டு கப்ளிங்கிலும் அச்சிலும் தாங்கப்பட்டு நடுவில் சுமை ஏறும் உத்தரம். அதன் அடிமுகம் இழுபடும், மேல்முகம் அமுங்கும், பக்கவாட்டின் நடுக்கோட்டில் அழுத்தம் ஏறக்குறைய இல்லை. முன்சட்டம் தண்டைக் கடக்கும் இடத்தில் அடிமுகத்தில் குறுக்காக ஒரு கோடுகூடப் போடவில்லை. இருபுறமும் முனை சரிந்த பக்கத் தகடுகள், அவற்றின் வெல்டிங் தண்டின் நீளவாக்கில் மட்டும். கால்கள் இரண்டும் முன்சட்டத்தோடு நிற்காமல் பெட்டிக்கு அடியில் ஓடி, சஸ்பென்ஷன் தாங்கும் குறுக்குச் சட்டம் வரை போகின்றன. ஜாக்கி சக்கரம், பாதுகாப்புச் சங்கிலி ஆகியவற்றின் பிடிகள் கப்ளிங்கை ஒட்டி, வளைவு குறைவாக உள்ள இடத்தில். ஒயர் கிளிப்புக்காக அடிமுகத்தில் துளை போடலாமா என்று பட்டறையில் ஒருவர் கேட்டார். அந்த நாலு மில்லிமீட்டர் துளையிலிருந்துதான் விரிசல் கிளம்பும், பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டோம்.

சேஸிஸை அலுமினியத்தில் செய்தால் எடை குறையுமே என்ற கேள்வி நியாயமானதுதான். அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. கடினப்படுத்திய அலுமினியக் கலவையைப் பற்றவைத்தால் சூடு பட்ட இடத்தில் வலிமை பெருமளவு போய்விடும். எல்லாவற்றையும் விட, இரும்புக்கு இருப்பது போல "இதற்குக் கீழே எத்தனை லட்சம் முறை ஆட்டினாலும் ஒன்றும் ஆகாது" என்ற தெளிவான எல்லை அதற்கு இல்லை. பயணத்தின் நடுவே ஏதாவது பிளந்தால் இரும்பைப் பற்றவைக்க எங்கேயும் ஆள் கிடைப்பார். சேஸிஸ் இரும்புதான் என்று முடிவாயிற்று.

துரு பிடிக்காமலிருக்க முழுச் சட்டத்தையும் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தோம். தொட்டி 450 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். காற்றுத்துளை இல்லாத மூடிய குழாயை அதில் இறக்கினால் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிக் குழாய் வெடிக்கும். துளைகள் கட்டாயம் வேண்டும், அவற்றையும் பக்கவாட்டின் நடுக்கோட்டிலேயே வைத்தோம்.

சக்கரத்துக்கு மேலே

லீஃப் ஸ்பிரிங் மலிவு, எளிது, எங்கும் சரிசெய்யலாம். பெரிய பள்ளத்தில் நன்றாகவே வேலை செய்யும். குறுக்குவரியில்தான் சிக்கல். பட்டைகளுக்கு இடையே இருக்கும் உராய்வு சின்னச் சின்ன அசைவுகளில் பூட்டுப் போட்டது போல் பிடித்துக்கொள்கிறது; ஸ்பிரிங் அசையாது, குலுக்கல் அப்படியே சேஸிஸுக்குப் போகும். ரப்பர் முறுக்கு அச்சு இதைவிட மென்மையானது, ஆனால் ரப்பர் போனால் அச்சையே மாற்ற வேண்டும். நாங்கள் எடுத்தது தனித்தனிப் பின்னிழு கை (முன்முனை சேஸிஸில் கீல்போல ஆடும், பின்முனையில் சக்கரத்தைத் தாங்கும் சட்டம்), சுருள் ஸ்பிரிங், இரு பக்கமும் ஷாக் அப்சார்பர். இடப்பக்கச் சக்கரத்தையும் வலப்பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குக் குழாய் இல்லாததால் நடுவில் தரை இடைவெளியும் கூடுதலாகக் கிடைத்தது.

ஸ்பிரிங் கணக்கு எளிது. முழுச் சுமையில் ஒரு சக்கரத்துக்கு மேலே 385 கிலோ. பெட்டி 1.6 ஹெர்ட்ஸில் ஆட வேண்டுமென்றால், சுமை ஏறியதும் ஸ்பிரிங் 97 மி.மீ. அமிழ வேண்டும். அப்படியானால் சக்கரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 39 நியூட்டன். சுருள் சக்கரத்துக்கு நேர்மேலே இல்லை, கையின் நீளத்தில் பத்தில் ஏழு பங்கில் நிற்கிறது. இந்த விகிதத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும், அதனால் சுருளின் விறைப்பு 79. வர்க்கத்தை மறந்து விகிதத்தால் மட்டும் வகுத்தால் 56 வரும். அந்தச் சுருளோடு ட்ரெய்லர் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகும். காலியாக இழுக்கும்போது ஆட்டம் 1.9 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது, அது பொறுத்துக்கொள்ளக்கூடியதே.

ஷாக் அப்சார்பரைப் பலர் சொகுசு சமாசாரமாக நினைக்கிறார்கள். நொடிக்கு 24 முறை வரும் அசைவை அது சூடாக மாற்றுகிறது. அந்தச் சூடு வெளியேறாவிட்டால் எண்ணெய் இளகி, நுரைத்து, அரை மணியில் வெறும் குழாயாகிவிடும். எனவே ஒற்றைக் குழாய் வகை, காற்றுப் படும் இடத்தில்.

தனிக் கை அமைப்பில் ஒரு தலைவலி உண்டு: சக்கரத்தின் கோணம். கால் டிகிரி பிசகினால்கூட அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 4.4 மீட்டர் தூரம் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. கையின் போல்ட்டில் மையம் விலகிய வாஷர் வைத்து, சுமை ஏற்றிய பிறகு கோணத்தைச் சரிசெய்தோம். காலியாக வைத்துச் சரிசெய்வதில் பொருளில்லை.

சக்கரமும் டயரும் இழுக்கும் வண்டியினுடையவையே: அதே அளவு, அதே போல்ட் அமைப்பு, அதே தட அகலம். ட்ரெய்லர் வண்டியின் தடத்திலேயே உருளும், ஸ்டெப்னியும் இரண்டுக்கும் பொது. கப்ளிங் மூன்று திசையிலும் திரும்பும் வகை. சாதாரணப் பந்துக் கப்ளிங் சாய்வில் குறிப்பிட்ட கோணத்தில் முட்டி நின்றுவிடும், அதற்கு மேல் ட்ரெய்லர் சாய்ந்தால் வண்டியையும் முறுக்கும். பிரேக் 10 அங்குல மின்சார டிரம். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவைத் தாண்டினால் சட்டப்படியே பிரேக் வேண்டும். சட்டம் கேட்காத இடத்திலும் சரளை இறக்கத்தில் அது வேண்டும். உந்துவிசையில் இயங்கும் பிரேக்கை ஒதுக்கியதற்குக் காரணம், நீண்ட இறக்கத்தில் ட்ரெய்லர் முன்னே தள்ளிக்கொண்டே வருவதால் அது ஓயாமல் பிடித்துச் சூடேறும்.

தண்ணீர் எங்கே

கப்ளிங்கில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இறங்கினால் ட்ரெய்லர் வாலாட்டாமல் வரும். எங்களுடையது 11 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. இதைக் கெடுக்கக்கூடியது தண்ணீர்த் தொட்டி, ஏனென்றால் பயணத்தில் எடை மாறிக்கொண்டே இருப்பது அதுதான். பலரும் செய்வது போல 80 லிட்டரை முன்னால் தண்டின் மேல், அச்சிலிருந்து 1.9 மீட்டரில் வைத்தால், நிறைந்த தொட்டிக்கும் காலித் தொட்டிக்கும் கப்ளிங் எடையில் 50 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரும். அச்சுக்கு 25 சென்டிமீட்டர் முன்னால் வைத்தோம், வித்தியாசம் 7 கிலோ. உள்ளே தடுப்புத் தகடுகள், அடியில் கல் படாமல் கேடயம். பேட்டரியும் கருவிப் பெட்டியும்கூட அச்சை ஒட்டியே. இரு முனைகளில் எடை இருந்தால், சராசரி சரியாக இருந்தாலும், ஒருமுறை ஆடத் தொடங்கிய ட்ரெய்லர் சீக்கிரம் நிற்காது.

பெட்டி, கூரை, கேன்வாஸ்

பெட்டி நுரைமையமும் இருபுறக் கண்ணாடியிழைத் தோலும் கொண்ட சாண்ட்விச் பலகை. பிளைவுட் மலிவுதான், ஆனால் ஒரு திருகுத் துளை வழியே ஈரம் புகுந்தால் உள்ளுக்குள் மக்கிக்கொண்டே போகும், வெளியே தெரியாது. பலகைகளை ரிவெட் அடிக்காமல் பாலியூரித்தேன் பசையால் 3 மி.மீ. தடிப்பில் ஒட்டினோம். 2.4 மீட்டர் நீளத்தில் வெப்பநிலை 40 டிகிரி மாறினால் இரும்பு 1.15 மி.மீ., அலுமினிய விளிம்பு 2.2 மி.மீ. நீளும். ரிவெட் இந்த வித்தியாசத்தைப் பொறுக்காமல் தன் துளையைப் பெரிதாக்கிக்கொள்ளும். ரப்பர் போன்ற பசை நீண்டு கொடுக்கும். பெட்டியும் சேஸிஸும் சந்திக்கும் ஆறு இடங்களில் ரப்பர் அடிதாங்கி இருக்கிறது. சேஸிஸ் முறுக்கிக்கொள்ளட்டும், பெட்டி அதோடு முறுக்க வேண்டிய அவசியமில்லை.

கூரை முன்பக்கம் கீல் வைத்து, பின்பக்கம் உயரும் வகை. நான்கு மூலைத் தூண்களும் கம்பி வடமும் கொண்ட பழைய அமைப்பு நேராக உயரும், உள்ளே இடமும் அதிகம். ஆனால் அதன் கப்பிகளும் வடமும் தூசியில் சிக்கினால் ஒரு மூலை மட்டும் மக்கர் பண்ணும். எங்கள் கூரைக்குக் கீலும் இரண்டு வாயுத் தண்டுகளும் போதும். சூரியத் தகட்டோடு கூரை 58 கிலோ. வாயுத் தண்டு பற்றி ஒரு விவரம்: அதன் தள்ளுவிசை உள்ளிருக்கும் வாயுவின் வெப்பத்தோடு மாறும். 20 டிகிரியில் சரியாக இருப்பது உறைபனிக் காலையில் 7 சதவீதம் குறையும், 40 டிகிரி மதியத்தில் அதே அளவு கூடும். வெயிலில் கூரை தானாக எகிறாமலும், குளிரில் ஒருவரே தூக்கும்படியும் நடுவாக எடுத்தோம். தண்டின் கம்பிப் பக்கம் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே உள்ள எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டிருக்கும். திறந்த பிறகு கூரையைத் தாங்குவது வாயு அல்ல. இரு பக்கமும் ஊன்றி, ஊசியால் பூட்டும் இரும்புக் கால். கீழே ஒரு குழந்தை தூங்குகிறது.

கேன்வாஸ் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது. பூச்சுப் போட்ட முழு பிளாஸ்டிக் துணி மழையை இன்னும் உறுதியாகத் தடுக்கும், ஆனால் மூச்சு விடாது. மூன்று பேர் இரவு முழுக்க விடும் மூச்சின் ஈரம் காலையில் அதன் உட்புறம் சொட்டும். கலப்புத் துணியைப் புதிதாகத் தைத்ததும் நன்றாக நனைத்து, முழுவதும் காய வைத்து, மறுபடி நனைக்க வேண்டும். பருத்தி நூல் உப்பி ஊசித் துளைகளை அடைத்துக்கொள்ளும். முதல் மழையில் தையல் ஒழுகுகிறது என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் இந்தச் சடங்கைத் தாண்டி வந்தவர்கள்.

மூடும்போது துணி வெளியே பிதுங்கி விளிம்பில் நசுங்குவது பாப்-அப்களின் பொது வியாதி. துணியின் இடுப்பைச் சுற்றி ஒரு எலாஸ்டிக் கயிறு ஓடவிட்டால், கூரை இறங்கும்போது துணி தானாக உள்ளே மடியும். மடிந்த துணியும் வரிச்சாலைக்குத் தப்பாது. எந்த உலோக விளிம்பில் பட்டாலும் ஒரே நாளில் அரம் போட்டது போல் தேய்ந்துவிடும். உள்ளே இருக்கும் எல்லா விளிம்பிலும் நுரைப்பட்டை ஒட்டினோம்.

தூசி

ஓடும் ட்ரெய்லருக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைந்தால், எவ்வளவு நல்ல சீல் இருந்தாலும் மாவு போன்ற தூசி உறிஞ்சப்பட்டு உள்ளே வரும். சீலை இறுக்கிக்கொண்டே போவதைவிட உள்ளே அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவது எளிது. கூரையின் முன் உச்சியில், இழுக்கும் வண்டியின் காற்று நிழலுக்கு மேலே, வடிகட்டியோடு ஒரு காற்றுவாய் வைத்தோம். மணிக்கு 80 கிலோமீட்டரில் எதிர்க்காற்றின் அழுத்தம் சுமார் 300 பாஸ்கல்தான். அதில் ஒரு பகுதி உள்ளே வந்தாலே இடுக்குகளில் காற்று வெளிநோக்கிப் போகும். ஆற்றைக் கடக்கும்போதும் மழையிலும் மூட ஒரு கதவும் உண்டு.

மின்சாரத்தில் சொல்ல அதிகமில்லை. 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, அதற்கான தடுப்பு அதன் கட்டுப்பாட்டுப் பலகையிலேயே இருக்கிறது. வண்டியிலிருந்து வரும் ஒயர் போய்வர 12 மீட்டர். 6 சதுர மி.மீ. ஒயரில் 15 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் வழியிலேயே காணாமல் போகும், எனவே 16 சதுர மி.மீ. போட்டோம். ஒயர் எங்கும் தொங்கவில்லை, எந்த உலோக விளிம்பையும் நேராகத் தொடவில்லை.

சோதனை ஓட்டம்

முதலில் காலியாக, அப்புறம் மணல் மூட்டையும் தண்ணீரும் ஏற்றி முழு எடையில், வரி விழுந்த மண்சாலையில் போகவும் வரவுமாக இழுத்தோம். டயர்க் காற்றை 35 பிஎஸ்ஐயிலிருந்து 22-க்கு இறக்கியதும் குலுக்கல் குறைந்தது கண்ணுக்கே தெரிந்தது. அத்தனை வேலைக்கும் பிறகு, செலவே இல்லாத இந்த ஒரு காரியம் ஸ்பிரிங் மாற்றியதற்கு ஈடாக உதவியதில் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

புறப்படும் முன் ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டையும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு. திரும்பி வந்ததும் கோடு முறிந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. நட்டு எப்படிக் கழல்கிறது என்பதை 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனையில் காட்டினார்: போல்ட்டின் நீளவாக்கில் இழுபடுவதைவிட, பிடித்த பாகங்கள் குறுக்குவாக்கில் சறுக்குவதுதான் அதைச் சுழற்றிக் கழற்றுகிறது. வெட்டுப்பட்ட சுருள் வாஷர் இதற்கு உதவுவதில்லை. முறையான இறுக்கம், நைலான் பூட்டு நட்டு, முக்கியமான இடங்களில் ஆப்பு வாஷர் என்று போட்டிருந்தோம். சஸ்பென்ஷனில் ஒரு கோடும் முறியவில்லை. சமையல் பகுதியின் மேசைக் கீலில், மென்மையான பலகையைப் பிடித்திருந்த இரண்டு மட்டும் நகர்ந்திருந்தன. பலகைக்குள் கடினமான செருகுக்கட்டை வைத்ததும் அது நின்றது.

வெல்டிங்குகளில் சிவப்புச் சாய திரவத்தை ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்துப் பார்த்தோம். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக ஊறி மேலே வரும். தண்டும் சேஸிஸும் சுத்தம். விரிந்தது யாரும் கவலைப்படாத ஒன்று: பின்விளக்கைத் தாங்கிய மெல்லிய கோணத் தகடு. அதன் நுனியைச் சுண்டிப் பார்த்தால் கைபேசியின் அதிர்வு அளவி 20 சொச்சம் ஹெர்ட்ஸைக் காட்டியது. சாலை கொடுப்பதும் அதே 24. தகட்டைப் பாதி நீளமாக்கி ஓரத்தை மடித்ததும் அந்தக் கைபேசி காட்டிய எண் 60-ஐத் தாண்டியது. தடித்த தகடு போட்டிருந்தாலும் வேலை நடந்திருக்கும், கூடவே எடையும் வந்திருக்கும்.

இன்னொரு பிரச்சினை வண்டிக்கு நேர்ந்தது. பின்சக்கரங்கள் எறியும் சரளைக்கல் ட்ரெய்லரின் தட்டையான முன்முகத்தில் மோதித் திரும்பி, வண்டியின் பின்கண்ணாடியில் தெறித்தது. கண்ணாடி தப்பியது அதிர்ஷ்டம். தண்டின் மேல் சாய்வாக, தளர்வான தடித்த வலைத்துணி ஒன்றைக் கட்டினோம். வலை விட்டுக்கொடுப்பதால் கல் வேகம் இழந்து கீழே விழுகிறது. இரும்புத் தகட்டால் கேடயம் செய்திருந்தால் கல் இன்னும் உற்சாகமாகத் திரும்பியிருக்கும்.

உள்ளே அலமாரியில் இருந்த அலுமினியக் குளிர்பானக் கேன்கள் ஒன்றோடொன்று உரசி ஓட்டை விழுந்து கசிந்தன. மண்சாலைப் பயணிகளுக்கு இது பழைய செய்தி, இந்தக் குடும்பத்துக்குப் புதியது. இப்போது ஒவ்வொரு கேனும் ஒரு காலுறைக்குள். டிராயரின் குண்டுருளைத் தடங்களில் கறுப்புப் பொடி படிந்திருந்தது. அசையாமல் பூட்டிய நிலையிலேயே குண்டுகள் நடுங்கித் தடத்தை அரித்திருந்தன. அவற்றை எடுத்துவிட்டு நைலான் பட்டையில் சறுக்கும் சாதாரண டிராயர் வைத்தோம். திறக்கச் சற்று இறுக்கமாக இருக்கிறது, தேய்வது எதுவும் இல்லை.

ஒப்படைக்கும்போது கூடச் சென்ற அறிவுரைகளில் முதலாவது பேரிங்கைப் பற்றியது. சூடான ஹப் குளிர்ந்த ஆற்றில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆற்றுக்கு முன் பத்து நிமிடம் நிற்க வேண்டும். ஆழமாகக் கடந்த பயணம் முடிந்ததும் பேரிங்கைக் கழற்றிக் கிரீஸ் மாற்ற வேண்டும். நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஹப்பில் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கே ஏதோ இருக்கிறது.

எடைமேடையில் நிறுத்தியபோது வெறும் எடை 731 கிலோ காட்டியது. பட்ஜெட்டைவிட 11 கிலோ அதிகம், பாதிக்கு மேல் கூரையின் விளிம்புச் சட்டத்தில் போயிருந்தது. பயணம் போய் வந்த பிறகு அந்தத் தம்பதி ட்ரெய்லரின் பின்னால் மூன்று சைக்கிள் மாட்ட ஒரு ஸ்டாண்ட் கேட்டார்கள். ஸ்டாண்டும் சைக்கிளும் 40 கிலோ, அச்சிலிருந்து 1.25 மீட்டர் பின்னால். கப்ளிங் எடை 17 கிலோ குறைந்து 10 சதவீதத்துக்குக் கீழே போகும். அதோடு, அந்த ஸ்டாண்டே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய பின்விளக்குத் தகடு. சைக்கிள்களை வண்டியின் கூரையில் மாட்டச் சொன்னோம். கூரைக் கம்பிகளை அவர்கள் வாங்கிவிட்டார்கள். ஸ்டாண்டைப் பற்றி இன்னமும் அவ்வப்போது கேட்கிறார்கள்.